மடி தாங்கும் பயிற்சி

ஆகஸ்ட் 31, ஞாயிறு

என் பெண் எழுதச் சொன்னாள், எழுதுகிறேன். "என்னிக்கு என்ன பண்ணினே, எங்க வலிச்சுது, எல்லாத்தையும் எழுதி வைப்பா. அப்பத்தான் முன்னேத்தம் தெரியும்" என்று புனேயிலிருந்து உத்தரவு. எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கரூரில் பஸ் பாடி கட்டும் கம்பெனியில் ஸ்டோர்கீப்பராக இருந்தபோது எழுதிய சீட்டுகள்தான். அலுமினிய ஷீட் இத்தனை, ரிவெட் இத்தனை, பெற்றுக்கொண்டவர் கையெழுத்து. இதுவும் அந்த நடையிலேயே போனால் அப்பு என்னைத் திட்டக் கூடாது. (பெயர் அபர்ணா. வீட்டில் அப்பு.)

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை அவளுக்கு நிச்சயதார்த்தம் முடிந்தது. கல்யாணம் தை மாதம், ஜனவரி இருபத்தெட்டு. எங்கள் வழக்கப்படி பெண்ணைப் பெற்றவர்கள் தம்பதியாக நின்று கன்னிகாதானம் செய்ய வேண்டும். அப்பா நெல் மூட்டைமேல் உட்கார்ந்து பெண்ணை மடியில் வைத்துக்கொள்வார். அம்மா பக்கத்தில் நின்று தாரை வார்ப்பாள். பெண் அப்பாவின் மடியில் இருக்கும்போதே மாப்பிள்ளை தாலி கட்டுவார். இதில் அம்மாவுக்குச் செம்பு பிடிக்கத் தெரிந்தால் போதும். அப்பாவுக்குத் தொடை வேண்டும்.

எனக்கு அது கிடையாது. பிறவியிலேயே ஒல்லி. போன வருஷம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மூன்று மாதம் படுத்ததில் இருந்த கொஞ்சமும் கரைந்துவிட்டது. அப்புவோ காலேஜில் குண்டு எறிந்து மெடல் வாங்கியவள். பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா அவளையும் என் காலையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "ஏன் மாமா, முகூர்த்தத்துக்கு அடியில ஜாக்கி வெச்சுப்பேளா?" என்று கேட்டார். பந்தியே சிரித்தது. எல்லாரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பு, "உனக்கு டம்பெல் அனுப்பறேன்" என்றாள்.

"டம்பெல் கைக்குன்னோ?"

"கையில பிடிச்சுண்டு காலுக்குப் பண்றதுப்பா."

சியாமளா உள்ளேயிருந்து, "காலே இல்லாதவருக்கு எதைடி பண்றது?" என்றாள். முப்பத்தோரு வருஷமாக என் மனைவி என்னை இப்படித்தான் ஊக்கப்படுத்தி வருகிறாள்.

செப்டம்பர் 4, வியாழன்

டம்பெல் வந்தது. ஒன்று ஐந்து கிலோ, இரண்டு உருப்படி. கொண்டுவந்த கூரியர்காரர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "உள்ள என்ன சார், அம்மிக்கல்லா?"

"உடற்பயிற்சிக்கு."

"பையனுக்கா?"

"எனக்குத்தான்."

மேலும் கீழும் பார்த்துவிட்டு, கேட்காமலேயே பெட்டியைத் தூக்கிக் கூடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 5, வெள்ளி

முதல் பாடம். போனை ஃபிரிட்ஜ் மேல் சாய்த்து வைத்தேன், அப்பு புனேயிலிருந்து பார்த்தாள். டம்பெல்லை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழ வேண்டும். ஸ்க்வாட் என்று பெயர்.

"தோப்புக்கரணம்தானேடி இது?"

"இல்லப்பா. முதுகு நிமிந்து இருக்கணும். முட்டி உள்பக்கம் மடங்கப்படாது. பின்னாடி நாற்காலி இருக்கிறதா நினைச்சுண்டு உக்காரு."

நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நினைத்த நாற்காலி அங்கே இல்லை. ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு எழுந்ததில் போன் கவிழ்ந்தது. "அப்பா? அப்பா? அம்மா, அப்பா என்ன ஆனா?" என்று அது தரையைப் பார்த்தபடி கத்திக்கொண்டிருந்தது. சியாமளா நிதானமாக எடுத்து, "இருக்கார்" என்றாள்.

செப்டம்பர் 6, சனி

மாடிப்படியில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினேன். பால்காரர் பார்த்துவிட்டார்.

ஒரு டம்பெல்லைக் காணோம். தேடினால் மொட்டை மாடியில் வடாம் துணி பறக்காமலிருக்க மூலையில் வைத்திருக்கிறாள். கல்யாணத்துக்கு இப்போதே வடாம் இட ஆரம்பித்துவிட்டாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

நிஜமான எடையோடு ஒத்திகை வேண்டும் என்று எனக்கே தோன்றியது. நெல் மூட்டைக்கு எங்கே போக? மளிகைக் கடையிலிருந்து வந்த பொன்னி அரிசிச் சிப்பத்தைக் கூடத்தில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். "சியாமளா, கொஞ்சம் வாயேன்."

"எதுக்கு?"

"மடியில உக்காரணும்."

கரண்டியோடு வந்து நின்று என்னையும் சிப்பத்தையும் பார்த்தாள். வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். உட்கார்ந்தாள். சிப்பம் ஒரு பக்கம் உருண்டது, நாங்கள் மறுபக்கம் உருண்டோம். தரையில் கிடந்து சிரித்தாள் பாருங்கள், இருமல் வந்து கண்ணில் நீர் வந்து, அப்புறமும் சிரித்தாள். "அவா கேட்டது சரிதான். ஜாக்கிதான் வெச்சுக்கணும்."

சியாமளாவும் நல்ல உடம்புக்காரி. அப்புவுக்கு அம்மா வாகு. இவளைத் தாங்கினால் அவளைத் தாங்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். ஞாயிறுதோறும் சாதம் வைத்தவுடன் உட்கார வேண்டியது, குக்கர் மூன்று விசில் விடுகிறவரை தாங்க வேண்டியது. முகூர்த்தமும் சுமார் அவ்வளவு நேரம்தான் என்கிறாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

முதல் விசிலுக்கே தொடை பிடித்துக்கொண்டது. "எழுந்துக்கோ, எழுந்துக்கோ" என்று அலறினேன். கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். எலி என்றேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இரண்டாவது விசில் வரை! கால் நடுங்கியது, விடவில்லை. சியாமளா மடியில் உட்கார்ந்தபடியே பத்திரிகை வைக்க வேண்டியவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு "ம்" போட்டதில் எனக்குப் பிடிக்காத இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

செப்டம்பர் 24, புதன்

கொலு இந்த வருஷம் மூன்றே படி. "போறும். கல்யாண வேலை இருக்கு" என்றாள். பெட்டி இறக்கியது நான். டம்பெல் தூக்கிய காலுக்குப் பரணில் ஏறுவது ஒரு பொருட்டில்லை என்று அவளிடம் சொன்னேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

மூன்று விசில்.

இதைத் தனி வரியில் எழுத வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று விசில், நடுக்கம் இல்லை, பேச்சு வேறு கொடுத்தேன். அப்புவுக்கு உடனே போன். "பாத்தியா? நான் சொன்னேனே, ஒரு மாசத்துல கால் மாறும்னு" என்று அவளுக்கு என்னைவிட சந்தோஷம். இனிமேல் லஞ்ச் என்று ஒன்று செய்ய வேண்டுமாம். இரண்டு கையிலும் டம்பெல்லைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு காலை நீள எடுத்து வைத்துப் பின்முட்டி தரையைத் தொடுகிற மாதிரி இறங்க வேண்டும். ராஜா முன்னால் மண்டியிடுகிற தளபதி மாதிரி இருக்கிறது.

ராத்திரி நாலாவது தோசையை என் தட்டில் போட்டாள். அவள் பங்கு. "உங்களுக்குத்தான் இப்ப தெம்பு வேணும்."

அக்டோபர் 12, ஞாயிறு

அவள் உட்கார்ந்ததே தெரியவில்லை. நாலாவது விசில் விட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன், சாதம்தான் குழைந்துவிடும். குளியலறைக் கண்ணாடியில் வேட்டியைத் தூக்கித் தொடையைப் பார்த்தேன். பெரிதாக மாற்றம் தெரியவில்லை. பலம் உள்ளுக்குள்ளேதான் ஏறும் போலிருக்கிறது.

அக்டோபர் 15, புதன்

சியாமளாவின் முகூர்த்தப் புடவைக்குத் தைத்த ரவிக்கை தொளதொளவென்று இருக்கிறது. அளவு கொடுத்தது ஆவணியில். கடைக்குப் போய் டெய்லரை நான் ஒரு பிடி பிடித்தேன். "டேப்பு தப்பா இருக்கா, கண்ணு தப்பா இருக்கா?" என்றேன். அவர் நோட்டை எடுத்துக் காட்டினார். அளவு சரியாகத்தான் எழுதியிருந்தது. "அம்மா இளைச்சிருப்பாங்க சார்." வாடிக்கையாளர் மேலேயே பழி போடுகிற தொழில் தந்திரம். பிரித்துத் தைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

எண்ணெய் தேய்த்துக்கொண்டதும் அவளுக்குத் தலை சுற்றியது. தீபாவளி லேகியம் மட்டும் ஒரு உருண்டை சாப்பிட்டாள், அதுவும் தங்கவில்லை. முதுகு வலிக்கிறது என்றாள். அப்பு நாலு நாள் லீவில் வந்திருக்கிறாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, என்ன இப்படி ஆயிட்டே?"

"கல்யாண அலைச்சல்டி. பத்திரிகை, பாத்திரம், பட்டு."

"அப்பா, நீ பாக்கலையா?"

நான் தினமும் பார்க்கிறேனே என்றேன்.

அக்டோபர் 23, வியாழன்

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி. அப்பு கூட்டிக்கொண்டு போனாள், நான் பை தூக்கிக்கொண்டு போனேன். எடை பார்க்கும் மேடையில் ஏற்றினார்கள். டாக்டரம்மா சின்னப் பெண், அப்பு வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்து, "எப்ப இருந்து இளைக்கறாங்க?" என்று கேட்டார்.

நான் யோசித்தேன்.

சியாமளாதான் சொன்னாள். "ஆவணியிலேர்ந்து."

இன்று டம்பெல் இல்லை.

அக்டோபர் 30, வியாழன்

கணையம் என்று ஒரு உறுப்பு இருக்கிறதாம், வயிற்றுக்குப் பின்னால். அறுபத்திரண்டு வயது வரை அப்படி ஒன்று இருப்பது தெரியாமலேயே ஓட்டியிருக்கிறேன். பரவிவிட்டது என்கிறார்கள். மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள். பார்க்கலாம் என்று அவர்கள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

வழியில் பஸ் ஸ்டாண்டில் சியாமளா கொய்யாக்காய் கேட்டாள். வாங்கினேன். கையிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

நவம்பர் 2, ஞாயிறு

சாதம் வைத்தேன். இப்போது நான்தான் வைக்கிறேன். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுப் பேப்பர் படிக்க உட்கார்ந்தேன்.

"என்ன, இன்னிக்கு ஞாயித்துக்கிழமைன்னோ?" என்றாள் கட்டிலிலிருந்து.

"அதெல்லாம் வேண்டாம் சியாமளா."

"ஏன் வேண்டாம்? கல்யாணம் நின்னு போச்சா?"

சிப்பத்தை இழுத்துப் போட்டேன். பாதி காலியாகியிருந்தது, குள்ளமாக இருந்தது. வந்து உட்கார்ந்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டேன்.

"இது சரிப்படாது" என்று எழுந்தாள். டம்பெல் இரண்டையும் எடுக்கப் போனாள், முடியவில்லை. "எடுத்துண்டு வாங்கோ." கொண்டுவந்தேன். மறுபடி என் மடியில் உட்கார்ந்து, "என் மடியில வையுங்கோ. ரெண்டும். அப்பு எடைக்குக் கொஞ்சமாவது ஈடாகணுமே" என்றாள்.

வைத்தேன். இரண்டையும் குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டாள். வளையல் முழங்கை வரை ஏறியிருந்தது.

மூன்று விசில் ஆயிற்று. யாரும் எழுந்திருக்கவில்லை. சாதம் குழைந்துவிட்டது. அவளுக்குக் குழைவாகத்தான் வேண்டியிருக்கிறது, சரியாகப் போயிற்று.

நவம்பர் 9, ஞாயிறு

டம்பெல்லோடு. மூன்று விசில்.

நவம்பர் 16, ஞாயிறு

இன்று அவள் பேசியதை எழுதி வைக்கிறேன்.

எனக்குத் தெரியாமல் சாஸ்திரிகளுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் போன் போட்டிருக்கிறாள். "கார்த்திகையிலேயே முகூர்த்தம் இருக்காம். கோவில்ல சின்னதா வெச்சுக்கலாம். அவா சரின்னுட்டா. அப்புவும் சரின்னுட்டா."

"எதுக்குடி இந்த அவசரம்? தையில ஜாம்ஜாம்னு பண்ணலாம். அதுக்குள்ள உனக்கும் உடம்பு தேறிடும்."

"தேறட்டும். தேறினா வேண்டாம்னா சொல்றேன்? முதல்ல இதை முடிச்சுடலாமே."

"என் கால் இன்னும் தயாராகலேடி" என்றேன்.

சிரித்தாள். இந்த மாதிரி நேரத்தில் நான் எதையாவது சொல்வேன், அவள் சிரிப்பாள், பேச்சு அதோடு போய்விடும். முப்பத்தோரு வருஷப் பழக்கம். இன்று போகவில்லை.

"இந்தக் கால் தயாராகற வரைக்கும் நான் காத்துண்டிருக்கணுமா? நான் இல்லேன்னா உங்களை உக்கார விடமாட்டா, தெரியுமோன்னோ? தம்பதியாத்தான் பண்ணிக் கொடுக்கணும். உங்க தம்பியும் உஷாவும் உக்காருவா. நீங்க பந்தியில இலை போட்டிருக்கான்னு பாத்துண்டு நிப்பேள்."

மோட்டார் போட்டது ஞாபகம் வந்து மொட்டை மாடிக்குப் போனேன். தொட்டி நிரம்பவில்லை. அங்கேயே நின்றேன். இறங்கி வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 18, செவ்வாய்

சம்பந்திக்கு நானே போன் பண்ணி, தையிலேயே இருக்கட்டும், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். சத்திரத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, சமையலுக்குச் சொல்லியாயிற்று. கார்த்திகையில் வைத்தால் அவளுக்கு உடம்பு முடியாததால் வைத்தது போல் ஆகிவிடும். அப்படி எதற்கு ஆக வேண்டும்?

சியாமளாவிடம் சொன்னேன். சரி என்றாள்.

நவம்பர் 27, வியாழன்

மருந்து ஏற்றினார்கள். வார்டில் உட்கார இடமில்லை, நடைபாதையில் சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். இதுவும் அப்பு சொல்லிக்கொடுத்ததுதான். நர்ஸ் பார்த்து, "ஐயா, ஸ்டூல் கொண்டாரட்டுமா?" என்றார். பயிற்சி என்றேன். "எதுக்கு?" என்றார். "என் பொண்ணு கல்யாணத்துக்கு." அவருக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் போகும்போது வரும்போதெல்லாம், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிசம்பர் 7, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் ஞாயிறு. சிப்பமும் இல்லை, குக்கரும் இல்லை.

திருச்சியிலிருந்து தம்பி ரமணியும் உஷாவும் வந்தார்கள். என்னைக் காபி வாங்கிவரச் சொல்லி அனுப்பிவிட்டு சியாமளா அவர்களிடம் ஏதோ பேசியிருக்கிறாள். திரும்பி வந்தபோது உஷா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். ரமணி காபியை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்கவேயில்லை. அவன் வங்கியில் மானேஜராக இருந்தவன். யாரையும் நேராகப் பார்த்து இல்லை என்று சொல்லிப் பழகியவன்.

டிசம்பர் 14, ஞாயிறு

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸிலிருந்து மாடிக்கு ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை, படி குறுகல். நானே தூக்கிக்கொண்டு ஏறினேன். எங்கும் நிற்கவில்லை.

"பரவாயில்லையே" என்றாள்.

டிசம்பர் 18, வியாழன்

சியாமளா. காலையில்.

டிசம்பர் 31, புதன்

நேற்றோடு பதிமூன்று நாள் காரியம் முடிந்தது. சாஸ்திரிகள் புறப்படும் முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வைத்தி, பொண் கல்யாணத்தைத் தள்ள வேண்டாம். வருஷத்துக்குள்ள பண்ணலாம், தோஷம் கிடையாது. அந்தத் தேதியிலேயே நடக்கட்டும். ஆனா கன்னிகாதானம்..."

"தெரியும். ரமணி பண்ணுவான்."

"நான் ஏதாவது வழி இருக்கான்னு பாத்தேன்டா. எங்க பாத்தாலும் தம்பதின்னுதான் இருக்கு."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்தான் அவருக்குச் சமாதானம் சொல்லி ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன்.

அப்பு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "நான் யார் மடியிலயும் உக்காரமாட்டேன். ரெண்டு நாற்காலி போடச் சொல்லு. இல்லேன்னா ரிஜிஸ்டர் ஆபீஸ் போறேன்."

ரமணி, "அவ சொல்றது சரிதாண்ணா. எனக்கும் மனசு இல்லே" என்றான்.

உஷாதான் அழுதுகொண்டே சொன்னாள், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நடந்ததை. சியாமளா ஆஸ்பத்திரிப் பையில் ஒளித்து வைத்திருந்த முகூர்த்தப் புடவையை அவள் கையில் கொடுத்து, "நீ கட்டிண்டுதான் தாரை வார்க்கணும். ரவிக்கை உனக்குப் பொருந்தாது, வேற தைச்சுக்கோ. அவர் முரண்டு பிடிச்சா விடாதே" என்று சொன்னாளாம்.

நான் முரண்டு பிடிக்கவில்லை. அப்புவிடம் சொன்னேன்: "அம்மா எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டுப் போயிருக்கா. நீ கெடுக்காதே." அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கார்த்திகையில் நடந்திருந்தால் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

ரமணிக்குக் கால் சரியில்லை. தொப்பை இருக்கிறது, தொடையும் பார்வைக்குக் கனமாகத்தான் இருக்கிறது. ஆனால் முப்பத்தைந்து வருஷம் சுழல் நாற்காலியில் வளர்ந்த தொடை. முக்காலியிலிருந்து எழுவதற்கே மேஜையைப் பிடிக்கிறான்.

டம்பெல்லை அவன் கையில் கொடுத்தேன்.

"என்னண்ணா இது?"

"பிடி. மார்போட சேர்த்து வெச்சுக்கோ. பின்னாடி நாற்காலி இருக்கிறதா நினைச்சுண்டு உக்காரு."

"அண்ணா, வேண்டாம். என்னால முடியாது."

"முடியும். எனக்கே முடிஞ்சுது."

"பிரச்சினை கால் இல்லேண்ணா."

"தெரியும்டா. நீ உக்காரு."

உட்கார்ந்தான். நினைத்த நாற்காலி அவனுக்கும் அங்கே இல்லை. விழாமல் பின்னாலிருந்து நான் முட்டுக் கொடுத்தேன், என் முதுகை அவன் முதுகோடு சேர்த்து. மலை மாதிரி சாய்ந்தான். "முட்டி உள்ள மடங்கறது பாரு. வெளில தள்ளு" என்று அப்பு குரல். எப்போது வந்து நின்றாளோ, தெரியாது. அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டபின் முதல் தடவையாகக் கூடத்துக்கு வந்திருக்கிறாள். கண் வீங்கியிருந்தது. சித்தப்பாவின் முட்டியைப் பிடித்து நேராக வைத்தாள்.

ஜனவரி 13, செவ்வாய்

ரமணி திருச்சிக்குப் போகாமல் இங்கேயே இருக்கிறான். காலையும் மாலையும் பயிற்சி. பாதியில், "அண்ணா, காபி" என்று தப்பிக்கப் பார்க்கிறான். உஷா, "முடிச்சாத்தான் காபி" என்கிறாள். அவன் பார்த்த உத்தியோகமெல்லாம் சமையலறை வாசலோடு சரி.

நெல் மூட்டைக்கு ஆள் பிடித்துச் சொல்லிவிட்டேன். அரிசிச் சிப்பத்தை உஷா நிமிர்த்தி ஓரமாக வைத்துவிட்டாள்.

ஜனவரி 18, ஞாயிறு

சாதம் வைத்தார்கள். ரமணி மூன்று விசில் தாங்கினான். நான் மொட்டை மாடியில் இருந்தேன்.

ஜனவரி 29, வியாழன்

கல்யாணம் நேற்று நடந்தது.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரை நான் சியாமளா சொன்ன மாதிரியே பந்தியில் இலை போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் மேடைக்கு வரச் சொல்லி சாஸ்திரிகள் ஆள் அனுப்பினார். "ஓரமா நின்னு பாருடா. பாக்கறதுக்கு ஒண்ணும் தடையில்லே." மணைக்குப் பின்னால், ரமணியின் முதுகுப் பக்கம் நின்றேன். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. உஷா அந்தப் புடவையில் செம்போடு நின்றாள். நான் அந்தப் பக்கம் அதிகம் பார்க்கவில்லை.

ரமணி மூட்டைமேல் உட்கார்ந்தான். அப்பு அவன் மடியில் உட்கார்ந்தாள். ஒன்பது கஜமும் மாலையும் சேர்ந்து அவள் நிஜ எடையைவிடக் கனம். மாப்பிள்ளை தாலியை எடுத்துக்கொண்டு குனிகிறார், சாஸ்திரிகள் கையைத் தூக்கி மேளக்காரரைப் பார்க்கிறார். அந்த நேரத்தில் மூட்டைக்குள் நெல் ஒரு பக்கமாக ஓடியது. ரமணியின் குதிகால் தரையை விட்டுக் கிளம்புவதைப் பார்த்தேன். கூப்பிட நேரமில்லை. திரும்பி என் முதுகை அவன் முதுகில் கொடுத்து, முட்டியை மடக்கி இறங்கிவிட்டேன்.

கெட்டிமேளம் ஆரம்பித்தது. சபை முழுக்க அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதிரே மேடையின் பின்சுவர், ஒரு சுவிட்ச் போர்டு, அப்புறம் சமையல்கட்டுக் கதவு. அதில் ஒரு பரிசாரகர் கரண்டியோடு நின்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை.

ஆனால் ரமணியின் கனம் எனக்குத் தெரியும். மூன்று வாரமாக முட்டுக் கொடுத்திருக்கிறேன். நேற்று என் முதுகில் இறங்கியது அவன் கனம் மட்டும் இல்லை. அதற்கு மேல் இருந்தது அப்பு. முதல் முடிச்சுக்கு அவள் தலை குனிந்ததுகூட முதுகில் தெரிந்தது. அழுதாள், குலுங்கியது. அப்புறம் மூச்சு விட்டு நிமிர்ந்தாள். தொடை எரிந்தது. எரியட்டும் என்று இன்னும் கொஞ்சம் இறங்கினேன். அட்சதை பின்பக்கமாக வந்து என் தலையிலும் விழுந்தது. யார் போட்டார்களோ, குறி தப்பியது.

மேளம் நின்றதும் ரமணி குரலைத் தாழ்த்தி, "அண்ணா, எழுந்துக்கலாமா?" என்றான்.

"இரு" என்றேன். கொஞ்சம் இருந்தான்.

அப்புவுக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. சாயங்காலம் நமஸ்காரம் பண்ணும்போது, "நீ எங்கப்பா இருந்தே? தேடினேன், காணும்" என்றாள். பின்னாடிதான் இருந்தேன் என்றேன்.

ஜனவரி 31, சனி

இரண்டு தொடையும் கல்லாக இருக்கிறது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. படி இறங்கும்போது நண்டு.

அப்புவும் மாப்பிள்ளையும் இன்று காலை புனேக்குக் கிளம்பினார்கள். ரமணியும் உஷாவும் மத்தியானம். உஷா போகும்போது தைலம் எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, "தேய்ச்சுக்கோங்கோ அண்ணா, ரெண்டு நாள்ல விட்டுடும்" என்றாள்.

தேய்த்துக்கொள்ளவில்லை. சாதம் வைத்தேன். அளவு தெரியாமல் நிறைய ஆகிவிட்டது.

பிப்ரவரி 1, ஞாயிறு

வலி இருக்கிறது. வலது கால் அதிகம். மொட்டை மாடிக்கு ஏறி இறங்கினேன், மறுபடி ஏறி இறங்கினேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று எழுந்தபோது வலி இல்லை. கட்டிலில் உட்கார்ந்து இரண்டு தொடையையும் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். எங்கேயும் இல்லை.